சங்கடம் வீடு

கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த முதல் வாரமே எனக்கும் என் கணவருக்கும் சண்டை. காரணம் தபால்காரர். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "சங்கடம் வீட்டுக்குப் புதுசா வந்த டீச்சரம்மா நீங்கதானா?" என்று சிரித்த முகமாகக் கேட்டார். கடிதத்தை வாங்கிக்கொண்டேன். ஆனால் காதில் விழுந்த வார்த்தை கடிதத்தைப் படிக்கவிடவில்லை. மாலையில் பட்டறையிலிருந்து வந்தவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"அதென்ன சங்கடம் வீடு? யாருக்கு என்ன சங்கடம் கொடுத்தீங்க?"

அவர் கைகாலைக் கழுவிக்கொண்டே, "அது எங்க வீட்டுப் பேரு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. காபி இருக்கா?" என்றார்.

அவ்வளவுதான் விளக்கம். அவரைத் தெரிந்தவர்களுக்கு இதுவே அதிகம் என்று தோன்றும். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நாள் முழுக்க இரும்பின் அலறலைக் கேட்டுவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டில் நான் போடுகிற சத்தம் ஒரு சத்தமே இல்லை. எனக்கோ கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கடைசி பெஞ்சுவரை எட்டுகிற குரல். இருபத்தெட்டு வருடங்களாக அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவரை ஒரு தடவையாவது கோபப்படுத்திப் பார்க்க முயல்கிறேன். நடக்கவில்லை.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடத்துக்குப் போகிற பக்கம் இருக்கிறது. கதவிலக்கம் எல்லாம் உண்டு, யாருக்கும் தேவைப்படுவதில்லை. பால்காரர், சிலிண்டர் கொண்டு வருகிறவர், ஆட்டோக்காரர் எல்லாருக்கும் சங்கடம் வீடு என்றால் போதும். இப்போது பொருள் கொண்டு வருகிறவர்கள் கையில் செல்போனில் வரைபடம் இருக்கிறது. அவர்களும் தெருமுனையில் நின்று யாரையாவது கேட்கிறார்கள், பதில் அதே பெயரில்தான் வருகிறது. சங்கடஹர சதுர்த்தி வந்தால் போச்சு. எதிர்வீட்டுக்காரர், "டீச்சர், இன்னைக்கு உங்க வீட்டை ஒழிக்கிற நாளாச்சே, ஜாக்கிரதையா இருங்க" என்பார். மாதம் தவறாமல் அதே ஜோக். மாதம் தவறாமல் என் கணவர் அதற்குச் சிரிப்பார். செல்போனில் நண்பர்கள் கூப்பிட்டால், "சங்கடம் பேசறேன், சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பெயர் எப்படி வந்திருக்கும் என்பதற்கு நானே ஒரு கதை வைத்திருந்தேன். இவருடைய முன்னோர் யாரோ கோர்ட்டு, கேஸ் என்று அலைந்து ஊரைப் படாதபாடு படுத்தியிருக்க வேண்டும். மனிதர்கள் இப்போது இவ்வளவு சாதுவாக இருப்பது அந்தப் பாவத்தைக் கழிக்கத்தான். இந்தக் கதையை நானே கட்டி நானே நம்பியும்விட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அறிவியல் டீச்சர் என்று வெளியில் சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது.

போன வருடம்வரை இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் மகளின் கல்யாணம் இந்த வார்த்தையில் வந்து மாட்டிக்கொண்டது.

எங்களுக்கு ஒரே பெண். பல் டாக்டர், தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அதே கட்டடத்தின் மாடியில் ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வேலை பார்க்கும் பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. முதலில் அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் என்னிடம் சொல்லும்படி அனுப்பிவைத்திருக்கிறார். நான் நான்கு நாள் குதித்தேன். ஐந்தாம் நாள் பையனை வீட்டுக்கு வரச்சொன்னேன். வந்தான். தட்டில் வைத்த வாழைக்காய் பஜ்ஜியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், தட்டைத் தானே கொண்டுபோய்க் கழுவினான். எனக்கு வேறென்ன வேண்டும்?

பையனுக்கு அப்பா இல்லை. அம்மா சமயபுரம் கோயிலுக்குப் போகிற வழியில் பூக்கடை வைத்திருக்கிறார். அந்த அம்மாவிடம் போனில் பேசினேன். நன்றாகத்தான் பேசினார். ஜாதகம் பொருந்தியது, வயது பொருந்தியது, இரண்டு வீட்டிலும் சாம்பாரில் வெல்லம் போடமாட்டோம் என்பதுவரை பொருந்தியது. "ஊர் வழக்கத்துக்கு ஒரு தடவை விசாரிச்சுடறோம் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? பெண்ணோ பிள்ளையோ கொடுக்கும் முன்னால் யாரையாவது தெருவுக்கு அனுப்பி நாலு பேரிடம் கேட்காத குடும்பம் உண்டா? எங்கள் பக்கத்திலிருந்தும் நான் ஆள் அனுப்பியிருந்தேன். அதை நான் சொல்லவில்லை.

அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு உறவுக்காரர் வந்திருக்கிறார். தெருவில் யாரை விசாரிப்பார்கள்? இஸ்திரிக்காரரைத்தான். எந்த வீட்டில் யார் எப்போது எங்கே போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். "அந்த டீச்சர் வீடு எப்படிங்க?" என்று வந்தவர் கேட்டிருக்கிறார்.

"எது, சங்கடம் வீடா? தங்கமான மனுஷங்களாச்சே!" என்றிருக்கிறார் இஸ்திரிக்காரர்.

தங்கமான மனுஷங்க என்பது சமயபுரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சங்கடம் வீடு மட்டும் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்துப் பையன் வந்து நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "ஆன்ட்டி, அம்மா முடியாதுன்னு சொல்லிட்டாங்க" என்றான். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான். என் மகள்தான், "சொல்லு, அம்மாவுக்கும் தெரியட்டும்" என்றாள்.

"ஊரே சங்கடம் வீடுன்னு சொல்ற இடத்துல போய்ப் பொண்ணு எடுக்கறதா, அந்த வீட்டுச் சங்காத்தமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். அம்மாவுக்கு இருக்கறது நான் ஒருத்தன். அவங்களை மீறி என்னால முடியாது."

எனக்கு வந்த கோபத்தில் அவன் தலையில் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்திருப்பேன். மகள் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. "அவன் சொல்றது சரிதாம்மா. அவங்க அம்மா மனசு ஒப்பாம அந்த வீட்டுக்கு நான் போகமாட்டேன். எனக்கு வேற இடம் பார்க்கவும் வேண்டாம். இதைப் பத்தி இனிமே பேச வேண்டாம்" என்றாள். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாள், வந்தாள். டிபன் பாக்ஸ் மட்டும் போனது போனபடியே திரும்பி வந்தது. மூன்று நாள் அந்த டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். பெற்ற வயிறு என்று சும்மாவா சொல்கிறார்கள்.

நான்காம் நாள் இஸ்திரிக்காரரோடு சண்டைக்குப் போனேன். "உங்க வாயில நல்ல பேரே வராதா? என் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். மனிதர் பெட்டியைக் கையில் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார். "டீச்சர், சத்தியமா நல்லதுதாங்க சொன்னேன். அது உங்க வீட்டுப் பேருதானே? சாரே அப்படித்தானே சொல்லிக்குவாரு?" என்றார். அந்தச் சமயத்தில் அவர் தேய்த்துக்கொண்டிருந்தது என் கணவருடைய சட்டை. காலர் தீய்ந்துபோனது. அதற்கும் நான்தான் காரணம்.

தீய்ந்த சட்டையோடு வீட்டுக்கு வந்து, என் கணவரிடம் மிச்சக் கோபத்தைக் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சாவகாசமாகச் சொன்னார்:

"சங்கடம்னா கஷ்டம் இல்ல. அது ஒரு ஓடம்."

"என்னது?"

"ஓடம். எங்க தாத்தாவோட அப்பா காலத்துல கொள்ளிடத்துல ஓடம் விட்டவங்க நாங்க. ஆளுங்க போறதுன்னா ஒத்த ஓடம் போதும். மாட்டு வண்டி, நெல்லு மூட்டையெல்லாம் ஏத்தணும்னா ரெண்டு ஓடத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கட்டி, மேல பலகை போடுவாங்களாம். அதுக்குப் பேரு சங்கடம். எங்கப்பா சொல்லியிருக்காரு."

தீய்ந்த சட்டையை நாற்காலியில் போட்டேன்.

"இதை ஏங்க இத்தனை வருஷமா சொல்லலை?"

"நீ எங்க கேட்ட? யாருக்குச் சங்கடம் கொடுத்தீங்கன்னுதானே கேட்ட."

சாமி, இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அந்த நேரத்தில் அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. ஆனால் அவர் அப்பா சொன்னார் என்பதைச் சமயபுரத்தில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? இப்போது சௌகரியத்துக்குக் கட்டிய கதை என்பார்கள். எனக்கு ஆதாரம் வேண்டும்.

எங்கள் பள்ளியில் தமிழ் எடுக்கிற டீச்சர் எனக்கு நெருங்கிய தோழி. மறுநாள் இடைவேளையில் அவரைப் பிடித்தேன். நூலகத்தில் தலையணை கனத்தில் அகராதி இருக்கிறது. இருவருமாகத் தூக்கி மேசையில் போட்டு, தூசியைத் தட்டி, சகரத்தைத் தேடினோம். சங்கடம் என்ற சொல்லுக்கு நேராக நான் எதிர்பார்த்தபடியே வருத்தம், இடையூறு எல்லாம் வரிசையாக இருந்தன. என் மனசு விட்டுப்போனது. தோழி விரலைக் கீழே நகர்த்தினார். "இருங்க, இன்னொண்ணு இருக்கு" என்றார். அதே சொல், தனியாக இன்னொரு முறை. பக்கத்தில் இரட்டைத் தோணி என்று போட்டிருந்தது.

வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். செல்போனில் அந்தப் பக்கத்தை நான்கு படம் எடுத்தேன். தோழி விளக்கினார். அவருக்கு விளக்க ஆள் கிடைத்தால் மணியடித்ததுகூடக் காதில் விழாது. கஷ்டம் என்கிற சங்கடம் வேறு, ஓடம் என்கிற சங்கடம் வேறு. முதலாவது, வடமொழியில் குறுகலான இடுக்கைக் குறிக்கிற ஒரு சொல்லிலிருந்து வந்தது. இடுக்கில் மாட்டிக்கொண்டால் கஷ்டம்தானே? இரண்டாவது, ஒன்றாகச் சேர்வது, பிணைவது என்று பொருள்படும் இன்னொரு சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். அங்கே இரண்டுக்கும் எழுத்து வேறு, உச்சரிப்பு வேறு. தமிழுக்கு வந்ததும் இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுவிட்டன.

"அதனால ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர்னு நினைச்சுக்கறோம்" என்றார் தோழி. "ஆனா இதுலயும் சண்டை இருக்கு. மலையாளத்துச் சொல்லு, அங்கேருந்துதான் நமக்கு வந்ததுன்னு சொல்றவங்களும் உண்டு. நீங்க ஒரேயடியா அடிச்சுப் பேசிடாதீங்க."

அடித்துப் பேசாமல் நான் எதைப் பேசியிருக்கிறேன்?

ஓடம் என்ற சொல்லையும் கேட்டேன். ஓடுவதால் ஓடம் என்பார்கள், அதிலும் தகராறு உண்டு என்றார். நம் ஆற்று ஓடங்களுக்கு அடிப்பக்கம் ஏன் தாம்பாளம் மாதிரி தட்டையாக இருக்கும் என்பதை மட்டும் அவர் என்னைக் கேட்டார். அது என் பாடம். மணல் ஆறு, ஆழம் சீராக இருக்காது, கூரான அடி மணலில் குத்திக்கொள்ளும், தட்டையான அடிக்கு முழங்கால் தண்ணீர் போதும் என்றேன். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்துக் கட்டினால் அகலம் கூடும், மாடு மிரண்டு ஒரு பக்கமாக நகர்ந்தாலும் சாயாது. கரும்பலகையில் படம்கூடப் போட்டேன். கிளம்பும்போது தோழி போகிறபோக்கில் ஒன்று சொன்னார். "சங்காத்தம்னு சொல்றோமே, அதுவும் இந்தச் சேர்க்கைக் குடும்பத்துச் சொல்லுதான் டீச்சர்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டுச் சங்காத்தமே வேண்டாம் என்றாரே, பையனின் அம்மா! எந்தச் சொல்லால் எங்களைத் தள்ளிவைத்தாரோ, அது எங்கள் வீட்டுப் பெயருக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை.

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கொட்டினேன். போர்த்துகீசியக் கப்பல்காரர்கள் கேரளக் கரையில் கேட்ட இந்தச் சொல்லைத் தங்கள் பேச்சோடு கொண்டுபோய்விட்டார்களாம், இன்றைக்கும் பிரேசிலில் மீன் பிடிக்கிறவர்கள் ஒரு மிதவைக்கு இதைத்தான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார்களாம் என்று தோழி சொன்னதையும் சொன்னேன். என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "எங்க வீட்டுப் பேரு பிரேசில் வரைக்கும் போயிருக்கா? நான் சமயபுரம் தாண்டிப் போய் வருஷமாச்சு" என்றார்.

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்க கிளினிக்ல நர்ஸ் ஒருத்தங்க கேரளா. அவங்க ஊர்ல சங்ஙாடம்னா இன்னைக்கும் அதுதானாம்மா. சின்னப் பசங்க வாழைத்தண்டைச் சேர்த்துக் கட்டி விடுவாங்களாம்" என்றாள்.

"நீ எப்ப கேட்ட?"

"அவன் வந்துட்டுப் போன மறுநாளே" என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

இதைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம் என்றவள்! எழுந்துபோய் அவள் தலையில் கைவைத்தேன். "அம்மா, எண்ணெய்க் கை" என்றாள். இருக்கட்டுமே.

புதன்கிழமை சமயபுரத்தில் கூட்டம் குறைவாக இருக்கும். பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, டோல்கேட்டில் பஸ் மாறிப் போனேன். கணவர் வருகிறேன் என்றார். "நீங்க வேண்டாம், உங்க வாயிலேருந்து ஒரு வார்த்தை வர்றதுக்குள்ள முகூர்த்த நாளெல்லாம் முடிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டேன்.

பூக்கடை கோயிலுக்குப் போகிற தெருவிலேயே இருந்தது. முன்னால் எலுமிச்சை மாலைகளும் வேப்பிலைக் கட்டுகளும், பின்னால் பூக்கூடைகள். பையனின் அம்மா என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கைகள் பூவைப் பார்க்காமலே கட்டிக்கொண்டிருந்தன. நான் யார் என்று சொன்னதும் எழுந்துவிட்டார். "வாங்க டீச்சர், உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க" என்றார். சண்டைக்கு வந்தவளுக்கு மோர் கொடுத்தால் பாதி பலம் போய்விடும். குடித்தேன்.

"கோவிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க, தெரியுது" என்றார். "உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு குறையும் இல்லைங்க. போட்டோவைப் பார்த்தப்பவே பிடிச்சுப்போச்சு. ஆனா அந்தப் பேரைக் கேட்டதுலேருந்து நெஞ்சு பதறுது."

அப்போது ஒரு பெண் வந்து மரிக்கொழுந்து இருக்கிறதா என்று கேட்டாள். கூடையில் ஒரு தண்டுகூட இல்லை. ஆனால் அந்த அம்மா இல்லை என்று சொல்லவில்லை. "நாளைக்கு வரும்மா" என்றார். பக்கத்துக் கடைக்காரர் சாமிப் படத்து விளக்கை அணைத்துவிடலாமா என்று குரல் கொடுத்தபோது, "குளிர வைக்கலாமான்னு கேளுங்கண்ணே, என்ன வார்த்தை இது" என்று கடிந்துகொண்டார். இப்படிப் பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவரிடம் அது வெறும் பழக்கமாகத் தெரியவில்லை. வாயிலிருந்து விழுகிற ஒவ்வொரு சொல்லையும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளியின் தமிழ் டீச்சரைவிடச் சொல்லை மதிக்கிற மனுஷி. இவரிடம் சங்கடம் என்ற சொல் போய் எப்படி இறங்கியிருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

செல்போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். "எழுத்து பொடியா இருக்கு, நீங்களே படிங்க" என்றார். படித்தேன்.

"பார்த்தீங்களா? இது கஷ்டம் இல்லைங்க. ஓடம். எங்க வீட்டுக்காரரோட பெரியவங்க கொள்ளிடத்துல ஓடம் விட்டவங்க."

அவர் கை நின்றுவிட்டது. "ஓடமா?" என்றார். "கொள்ளிடத்துலயா?"

"ஆமாங்க." எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. வகுப்பெடுக்க ஆரம்பித்தேன். ஒற்றை ஓடம் சாயும், இரண்டைச் சேர்த்துக் கட்டினால் தாங்கும் என்றேன். எச்சில் விழுங்கக்கூட இடைவெளி விடாமல் சங்காத்தத்துக்கு வந்தேன். "சங்காத்தமே வேண்டாம்னு சொன்னீங்களாமே, அந்தச் சங்காத்தமும் இந்தச் சங்கடமும் ஒரு வயித்துப் பிள்ளைங்க. நீங்க வேண்டாம்னு சொன்ன வார்த்தைக்குள்ளயே சேர்றதுங்கறது இருக்கு!" என்று ஜெயித்துவிட்ட குரலில் முடித்தேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார்.

சத்தமே இல்லை. கட்டிய பூச்சரம் மடியில் கிடந்தது. நான் என்ன தப்பாகச் சொன்னேன் என்று எனக்கு விளங்கவில்லை. எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டே போவது என் பிறவிக் குணம். அன்றைக்கு அதற்காக என்னையே வெறுத்தேன்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் டீச்சர்" என்றார். "என் பையனுக்குக்கூட அவனைப் பத்தி ரொம்பச் சொன்னதில்ல. ஒரு மாமா இருந்தாரு, சின்ன வயசுல தவறிட்டாருன்னு மட்டும் தெரியும்."

எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஓடுகிற அதே கொள்ளிடம். அவர் பிறந்த வீடு கரையோரத்து ஊர். தம்பிக்கு இருபது வயது. ஆற்றில் தண்ணீர் இல்லாத நாள், நடுவில் இருந்த மணல் திட்டில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஓட்டிவரப் போனவன் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து தண்ணீர் வந்துவிட்டது. ஆடுகளும் அவனும் திட்டில். இரண்டு பக்கமும் வெள்ளம்.

"காலையில பத்து மணி இருக்கும். மூணு மணி வரைக்கும் அங்கயே நின்னான். நான் கரையில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். எனக்குக் கை ஆட்டினான். பயப்படாதக்காங்கற மாதிரி. ஊரே கூடிருச்சு. கயித்தைக் கட்டி நீந்திப் போகப் பார்த்தாங்க, முடியாம பாதியிலயே கரைக்குத் திரும்ப இழுத்துட்டாங்க. ஒரு ஓடம் இருந்தா போதும், ஒரு ஓடம் இருந்தா போதும்னு எல்லாரும் கத்தினாங்க. பாலம் வந்துருச்சே, ஓடத்துக்கு எங்க போறது? ஆள் வந்து சேர்றதுக்குள்ள திட்டு கரைஞ்சுருச்சு."

தெருவில் யாரோ வேண்டுதலுக்கு மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொள்ளிடத்து ஓடத்தைப் பற்றி இந்த மனுஷியிடமா இவ்வளவு நேரம் பாடம் நடத்தினேன்? எனக்கு உடம்பு கூசியது. கஷ்டம் என்ற பொருளோடு விட்டிருந்தாலாவது தேவலை என்று தோன்றியது. எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். மகளுக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"மன்னிச்சிடுங்க. எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் மடியிலிருந்த சரத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கட்டத் தொடங்கினார். ஏழெட்டுக் கண்ணி கட்டினார்.

"போயிருக்க முடியுமோ முடியாதோ, அது வேற" என்றார். "ஆனா ஒரு ஓடம் இருந்திருந்தா யாராவது தள்ளிப் பார்த்திருப்பாங்க இல்ல? கை கட்டிக்கிட்டு நின்னிருக்க மாட்டாங்க இல்ல?"

"ஆமாங்க."

"சங்கடம் வீடுன்னு சொன்னானே தவிர, ஓடக்காரங்க வீடுன்னு சொல்லலையே அந்த விசாரிக்கப் போன மடையன்." நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். "நாலு பேரைக் கரையேத்தின வீட்டுப் பொண்ணை நான் எப்படிங்க வேண்டாம்னு சொல்லுவேன்? வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாளு. பூ வைக்க வரோம். வீட்ல சொல்லுங்க."

சரி என்று தலையை ஆட்டினேன். அவர் கட்டி முடித்த சரத்தை வாழையிலையில் சுற்றி, "பாப்பாவுக்குக் கொடுங்க, தலையில வச்சுக்கட்டும்" என்று என் கையில் வைத்தார். இலை ஈரமாக இருந்தது. என் மகள் சிரிப்பதை நினைத்துக்கொண்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அழுகையும் தாங்கவில்லை.

"போயிட்டு வரேங்க" என்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பின்னாலிருந்து என் முழங்கையைப் பிடித்தார். பிடி இறுக்கமாக இருந்தது. சம்பந்தி வீட்டாரிடம் குறை கேட்கிற உரிமை வந்துவிட்ட குரலில், குழந்தை மாதிரிக் கேட்டார்:

"அன்னைக்கு உங்க வீட்டு ஆளுங்க எல்லாம் எங்கங்க போயிருந்தாங்க?"

பாலம் வந்த கதை எனக்குத் தெரியும். ஓடத்தை விட்டுவிட்டு அவர்கள் எந்தெந்த வேலைக்குப் போனார்கள் என்பதையும் கணவரிடம் கேட்டு வைத்திருந்தேன். அதில் எதையும் என்னால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.